ஆறு குஞ்சுகளுக்குப் பத்தடிக் கொட்டகை

ஒரு விடுகதை போடுகிறேன். அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள்.

ஒரு வீடு. ஒரு கூடம், இரண்டு அறை, ஒரு சமையலறை. குடியிருப்பவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். மூன்றாமவருக்கு உட்கார ஒரு முழ இடமும் கிடையாது. ஆனால் வாசல் பலகையில் எழுதியிருப்பது அவர் பெயர்தான். அவர் யார்?

"விருந்தாளி" என்று சொன்னவர்களுக்குப் பாதி மதிப்பெண். விருந்தாளிக்காவது ஒரு நாற்காலி போடுவார்கள். சரியான விடை: குடும்பத் தலைவர். அதாவது, நான்.

விளக்கிச் சொல்கிறேன். கூடத்தில் ஆறு தையல் இயந்திரங்கள் இருக்கின்றன. என் மனைவி அங்கே தையல் வகுப்பு நடத்துகிறாள். காலையில் ஒரு குழு, மாலையில் ஒரு குழு. துணி வெட்டுவது எங்கள் படுக்கையறைக் கட்டிலில். ஒருநாள் மத்தியானம் அந்தக் கட்டிலில் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் என்னைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் தூங்கியிருந்தால் என்னை இரண்டு சட்டையாக வெட்டியிருப்பார்கள்.

இன்னோர் அறை எங்கள் மகளுடையது. வயது ஏழு. அவளை எல்லோரும் குட்டி என்று கூப்பிடுகிறோம். அந்த அறைக்குள் போக அவளிடம் அனுமதி வாங்க வேண்டும். சமையலறையில் எனக்கு நிற்க மட்டுமே உரிமை.

மிச்சமிருந்தது பின்பக்கத் தோட்டம். அங்கே ஒரு கொய்யா மரம். மரத்தடியில் என் சாய்வு நாற்காலி.

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளன். ஒலிபெருக்கியில் எட்டு மணி நேரம் பேசுகிறேன். நான் "மூன்றாவது நடைமேடை" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஐந்நூறு பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதே குரலில் வீட்டில் "தண்ணீர்" என்றால் ஒரு தலைகூடத் திரும்பாது. போகட்டும், அது வேறு கதை. எட்டு மணி நேரம் பேசிவிட்டு வருகிறவனுக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார ஓர் இடம் வேண்டும். எனக்கு அந்த மரத்தடி போதும். இந்த உலகத்தில் வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

அதற்குத்தான் ஆபத்து வந்தது.

ஒரு திங்கட்கிழமை, கூடத்தின் வழியாக ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். மனைவி தன் மாணவி ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நேத்துகூட ரெண்டு பேர் சேர வந்தாங்க. இடமில்லைன்னு திருப்பி அனுப்பிட்டேன். மனசே கேக்கல. பின்னாடி ஒரு கொட்டகை கட்டி, துணி வெட்ட ஒரு மேசை வாங்கி அங்க போட்டுட்டா, கட்டில் இருக்கிற அறையில இன்னும் மூணு மெஷின் போடலாம்."

"சாருக்கு அந்த மரத்தடிதானே அக்கா இடம்?"

"அவருக்கென்ன, எங்க வேணும்னாலும் நிப்பாரு."

இந்தக் கொட்டகைப் பேச்சு புதிதல்ல. இரண்டு வருடமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் "அடுத்த விடுமுறையில் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ரயிலுக்கே தாமதம் சொல்கிற வாய்க்கு இது பெரிய காரியமா? ஆனால் இந்த முறை அவள் குரலில் நேரத்துக்குக் கிளம்பும் வண்டியின் சத்தம் கேட்டது. நிற்காது போலிருந்தது.

மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் தெளிவு பிறந்தது. காலி இடத்தைத்தானே பிடிப்பார்கள்? அந்த இடத்தில் வேறு யாரையாவது குடிவைத்துவிட்டால்? அதுவும் பேசினால் புரியாதவர்களை, துணியைக் கண்டால் அசிங்கம் செய்கிறவர்களை?

அன்று மாலை கூடத்தின் நடுவில் நின்று, நிலையக் குரலில் அறிவித்தேன்.

"அனைவரின் கவனத்திற்கு. இந்த வீட்டில் கோழி வளர்க்கப் போகிறோம்."

ஆறு இயந்திரங்களும் நின்றன. எனக்கே ஆச்சரியம்.

"கோழியா?" என்றாள் மனைவி.

"கோழிதான். குட்டிக்குத் தினமும் முட்டை. பின்னாடி இடம் சும்மாதானே கெடக்கு? அங்க கோழிக்கு ஒரு கொட்டகை போட்டுடலாம்."

சண்டைக்கு வருவாள் என்று பதினோரு பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்:

"நல்ல யோசனைங்க."

பதினோரு பதில்களும் தொண்டையிலேயே நின்றன.

"நெஜமாவா சொல்ற?"

"நெஜமாத்தான். ஆனா எனக்குக் கோழியைப் பத்தி என்னங்க தெரியும்? நீங்கதான் முன்ன நின்னு செய்யணும்."

ஒன்பது வருட இல்லறத்தில் "நீங்கதான் முன்ன நின்னு செய்யணும்" என்று அவள் சொன்னது அதுவே முதல் முறை. முன்னால் போய் நின்றுவிட்டேன். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

மறுவாரம் என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் ஆறு குஞ்சுகளைக் கொண்டுவந்தான். பிறந்து மூன்று நாள். ஆறும் பெட்டைகள் என்று சத்தியம் செய்தான். உள்ளங்கையில் வைத்தால் சூடான பஞ்சு உருண்டை மாதிரி இருந்தன. கத்தினால் மட்டும் தெருக்கோடிவரை கேட்டது.

சின்னக் குஞ்சுகளை உடனே வெளியே விடக்கூடாது. அம்மாவின் சூடு இல்லாததால் குளிரில் வாடிவிடும். ஐந்தாறு வாரம் வீட்டுக்குள் பெட்டியில் வைத்து, மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட வேண்டும். பெட்டி குட்டியின் அறைக்குப் போனது. அடியில் மரத்தூள் பரப்பினோம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டோம், குஞ்சு விழுந்து மூழ்காமல் இருக்க. பக்கத்தில் குஞ்சுத் தீவனம்.

விளக்கை எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது? நான் வெப்பமானி வாங்கி வந்தேன். அதைப் படிக்க என் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது குட்டி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, எல்லாம் விளக்குக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. அதுக்குக் குளுருது."

விளக்கை இறக்கினோம். கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் ஓடிப்போய்ப் பெட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டன.

"இப்ப சூடு. கொஞ்சம் ஏத்துப்பா."

ஏற்றினோம். அங்குமிங்குமாகப் பரவித் தின்ன ஆரம்பித்தன. வெப்பமானி இன்னும் உறையிலேயே இருக்கிறது. அன்றிலிருந்து குட்டி ஒரு நோட்டுப்புத்தகம் போட்டு, குஞ்சுகள் செய்வதையெல்லாம் எழுத ஆரம்பித்தாள். எந்தக் குஞ்சு எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எழுதுவாள். ஏன் என்று எழுதமாட்டாள். அதைக் குஞ்சுதான் சொல்ல வேண்டுமாம்.

குட்டி குஞ்சுகளைக் கவனித்தாள். நான் கொட்டகையைக் கவனித்தேன். தச்சர் வந்தார். மரத்தடியை விட்டுவிட்டு, அதற்கு எதிரே காலியாக இருந்த இடத்தைக் காட்டினேன். அளவு எடுக்க நாடா? என் மனைவியின் கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும். அவள் கழற்றிக் கொடுக்கவில்லை. தானே வந்துவிட்டாள்.

"நீளம் பத்தடி, அகலம் எட்டடி வைங்க" என்றாள்.

தச்சர் தலையைச் சொறிந்தார். "எத்தனை கோழி சார்?"

"ஆறு" என்றேன்.

"ஆறு கோழிக்கு மூணடிக்கு ரெண்டடி கூண்டு போதுமே சார். இது ஒரு குடும்பமே இருக்கலாம் போல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெரிய கொட்டகை கட்டினால் பெரிய இடம் அடைபடும். பெரிய இடம் அடைபட்டால் வெட்டுமேசைக்கு இடமிருக்காது. இந்த நுட்பம் தச்சருக்கு எங்கே தெரியப்போகிறது?

"சொன்ன அளவைச் செய்ங்க" என்றேன்.

மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இன்னும் நாலடி சேர்த்துக் கட்டியிருப்பேன்.

"தரைக்குச் சிமெண்டு போட்டுடலாங்க. மண்ணா இருந்தா எலி குடைஞ்சு வந்துடும்."

"போட்டுடலாம்."

"உயரம் ஏழடி இருக்கட்டும். நீங்க உள்ள போய்க் கூட்டணும்ல? குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்கும்."

என் இடுப்பைப் பற்றி அவள் கவலைப்பட்டு எத்தனை நாளாயிற்று! "எட்டடியே வெச்சுடலாம்" என்றேன்.

"வாசல் நாலடி அகலம் வேணும். தீவன மூட்டை போகணும்."

"தீவன மூட்டையைப் படுக்க வெச்சா தூக்குவாங்க?" என்றார் தச்சர்.

"எங்க வீட்டுல அப்படித்தான்" என்றேன்.

வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல் வேண்டும் என்றாள், கோழிக்கு வெளிச்சம் சீராக விழவேண்டுமாம். கூரையின் நடுவில் இரண்டு குழல் விளக்கு. சுவரில் ஒரு பிளக் பாயிண்ட்.

"பிளக் பாயிண்ட் எதுக்கு?" என்றேன்.

"குஞ்சுக்கு விளக்கு வேணாமாங்க?"

"ஆமாமா. மறந்தே போனேன்."

சுவர் நீளத்துக்கு ஒரு பலகைத் தட்டு. முட்டைகளை அடுக்கி வைக்க. குஞ்சு முட்டையிட இன்னும் ஐந்து மாதமாவது ஆகும். வந்தாலும் நாளைக்கு ஆறு முட்டை. அந்தத் தட்டில் அறுநூறு முட்டை அடுக்கலாம். தொலைநோக்கு என்று நினைத்துக்கொண்டேன். சுவரில் எட்டு ஆணி வேறு. அது எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் எனக்குக் கோழி பற்றித் தெரியாது என்று நினைத்துவிடுவாள்.

கடைசி நாள் தச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், எல்லாம் சரி. கோழி ஏறி உட்கார ஒரு கம்பு வைக்கலையே?"

மனைவி முந்திக்கொண்டாள். "அது அப்புறம் பாத்துக்கலாம் அண்ணே. மிச்சப் பலகை இருந்தா எங்கிட்ட சொல்லிட்டுப் போங்க."

ஆறே வாரம். விடுமுறை நாளெல்லாம் வேலை. நானே சுண்ணாம்பு அடித்தேன். நானே ஜன்னலைத் துடைத்தேன். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு, "யார் குடிவராங்க?" என்று கேட்டார்கள்.

குஞ்சுகளுக்கும் இறகு முளைத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகையைத் திறந்து வைத்தேன். "ஆறு பயணிகளும் தங்கள் இருப்பிடத்துக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று அறிவித்தேன். குட்டி கைதட்டினாள். கோழிகள் உள்ளே போயின.

போய் நின்றன. தரையைக் கொத்தின. டொக். இன்னொரு கொத்து. டொக். சிமெண்டில் புழு ஏது? ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு வரிசையாக வெளியே வந்து, நேராகக் கொய்யா மரத்தடிக்குப் போய், என் சாய்வு நாற்காலிக்குக் கீழே மண்ணைக் காலால் கிளறிக் குழி பறித்தன. குழியில் படுத்து, இறக்கையால் மண்ணை வாரி மேலே போட்டுக்கொண்டு புரண்டன.

"மண்குளியல்" என்றாள் குட்டி. "அதுங்க அப்படித்தாம்ப்பா குளிக்கும்."

குளிக்கட்டும். ஆனால் என் நாற்காலிக்கு அடியிலா? தூக்கிக் கொட்டகைக்குள் விட்டேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தன. மறுபடியும் தூக்கினேன். மறுபடியும் வந்தன. மூன்று நாள் இதே போக்குவரத்து. நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டு கைப்பிடியிலும் ஒவ்வொன்று ஏறி உட்கார்ந்தது. ஒன்று என் தலையைக் கொத்திப் பார்த்தது. டொக்.

நான்காம் நாள் வேலை முடிந்து வந்தேன். கூடத்தில் ஒரே பரபரப்பு. நான்கு மாணவிகள் ஒரு பெரிய புது மேசையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். மேசையைப் படுக்க வைத்தபடியே கொட்டகை வாசலுக்குள் நுழைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரு விரல்கடை இடம் மிச்சமிருந்தது. மேசை கொட்டகையின் நடுவில், இரண்டு குழல் விளக்குகளுக்கும் நேர் கீழே போய் நின்றது. ஒருத்தி எட்டு ஆணிகளிலும் எட்டுக் கத்தரிக்கோலை மாட்டினாள். இன்னொருத்தி தட்டில் நூல்கண்டுகளை அடுக்கினாள். பிளக் பாயிண்டில் இஸ்திரிப்பெட்டி.

நின்ற இடத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்தது. தையல்காரியிடம் அளவு கேட்டிருக்கிறேன். என்னையே அளந்திருக்கிறாள்.

"இது கோழிக் கொட்டகை!" என்று கத்தினேன்.

"ஆமாங்க. கோழிதான் வரமாட்டேங்குதே" என்றாள் மனைவி. "சும்மா பூட்டியா போட முடியும்?"

"நீ வேணும்னே செஞ்சிருக்க!"

"ரெண்டு வருஷமா கேட்டேன். அடுத்த லீவு, அடுத்த லீவுன்னீங்க. கோழின்னதும் ஆறு வாரத்துல முடிச்சுட்டீங்க. நான் என்ன செய்யட்டும்?"

குஞ்சுகளைப் பார்க்க வந்திருந்த மச்சினன் ஓரமாக நின்று பலகாரம் தின்றுகொண்டிருந்தான். அவனை நியாயத்துக்கு இழுத்தேன்.

"நீயே சொல்லு. கோழியைப் பத்தி எதுவும் தெரியாதுன்னாளே உங்க அக்கா!"

"யாரு, அக்காவா?" அவனுக்குப் புரையேறியது. "நாங்க சின்னப் பிள்ளையா இருக்கப்ப வீட்டுல நாப்பது கோழி, அத்தான். எல்லாத்தையும் அக்காதான் பாத்துக்கும். நடையைப் பாத்தே எது சேவல், எது பெட்டைன்னு சொல்லும். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நீங்க கேட்டதே இல்லையேங்க" என்றாள் மனைவி, சாந்தமாக.

உண்மைதான். ஒன்பது வருடத்தில் கேட்டதில்லை.

ஆனால் நான் விடவில்லை. "சரி, கோழி எங்க தங்கும்? பூனை வந்தா? மழை பெஞ்சா?"

அவள் சமையலறைப் பின்கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு கூண்டு. மூன்றடிக்கு இரண்டடி. கம்பிவலை, சாய்ந்த கூரை, ஏறி உட்கார இரண்டு கம்பு. தச்சரின் மிச்சப் பலகையில் செய்தது. பச்சைச் சாயம்கூட அடித்துக் காய்ந்துவிட்டிருந்தது.

"ராத்திரிக்கு இதுல அடைச்சாப் போதும். இதை வைக்க ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு, கொட்டகைக்குள்ள. அப்ப கொட்டகை கோழிக்குத்தான். மேசையை இப்பவே தூக்கிட்டுப் போயிடறோம், அந்தப் பேச்சே இனிமே எடுக்கமாட்டேன். இல்லன்னா மரத்தடி. அங்க வெச்சா, சுத்தி வேலி போட்டுடணும். நீங்க உக்கார முடியாது."

"யார் முடிவு பண்றது?"

"நானும் வேணாம், நீங்களும் வேணாம். கோழியை வளத்தது குட்டி. அவ சொல்லட்டும். அவ சொன்னா சொன்னதுதான்."

எனக்கு உயிர் வந்தது. குட்டி என் பக்கம். அதில் சந்தேகமே இல்லை. கொட்டகை திறந்த அன்று கைதட்டியவள் அவள்தான். மாலைவரை நேரம் கேட்டு, பிரசாரத்தில் இறங்கினேன்.

"குட்டி, கொட்டகையைப் பாத்தியா? எவ்வளவு பெருசு! நம்ம கோழிக்கு ராஜ வாழ்க்கை."

"ம்."

"ஜன்னல் இருக்கு. லைட்டு இருக்கு. எலி வராது."

"ம்."

"மரத்தடியில என்ன இருக்கு? மண்ணு. வெறும் மண்ணு."

"ஆமாப்பா" என்று சொல்லிவிட்டு, நோட்டில் ஏதோ எழுதினாள்.

"அப்பா வேலை முடிஞ்சு வந்தா உக்கார்ற ஒரே எடம் அது. தெரியும்ல?"

குட்டி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். குஞ்சுப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பாளே, அதே பார்வை. எனக்குக் கண் கலங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மாலையில் எல்லோரும் தோட்டத்தில் கூடினோம். மாணவிகள் ஒரு பக்கம், மச்சினன் ஒரு பக்கம். மனைவி கொட்டகைக்குள் வெட்டுமேசையின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை மேசையை விட்டு நகரவே இல்லை. அவளுக்கும் அந்த இடம் வேண்டும். அதையும் அப்போதுதான் பார்த்தேன்.

குட்டி நோட்டைப் பிரித்தாள். முதலில் கொட்டகைக்குள் போய்த் தரையைத் தட்டிப் பார்த்தாள். வெளியே வந்து மரத்தடியில் குந்தினாள். ஆறு கோழிகளும் குழிக்குள் கண்ணை மூடிக் கிடந்தன. ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு நோட்டிலிருந்து படித்தாள்.

"கொட்டகை, பத்து நிமிஷம். மரத்தடி, நாள் பூரா."

நோட்டை மூடிவிட்டு, கூண்டை மரத்தடியில் வைக்கச் சொன்னாள். அப்பாவின் நாற்காலியையும் வேலிக்குள்ளேயே விட்டுவிடச் சொன்னாள், கோழிகளுக்கு.